லேபிள் இல்லாத சட்டை

“உன் தம்பி துணியில அந்த நாத்தமே இல்லாம பண்ணிட்டேன், பாத்தியா?” என்று கணவர் பெருமையாகக் கேட்டபோது, அவள் தங்கள் சலவைக்கடையில் யாரோ ஒருவருடைய கோட்டுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். தம்பி காலையிலேயே காட்டுக்குக் கிளம்பிப் போய்விட்டான்.

“எந்தத் துணி?”

“அதான், பின்பக்கம் கொக்கியில மாட்டி வச்சிருந்தியே, ரெண்டு சட்டை, ரெண்டு பேன்ட். கிட்டப் போனாலே மருந்து வாடை. புள்ள இதைப் போட்டுக்கிட்டு எப்படிச் சுத்துவான்னு முந்தாநாளே மெஷின்ல போட்டு எடுத்துட்டேன். இஸ்திரி போட்டு மறுபடி அதே கொக்கியில மாட்டியாச்சு.”

“எந்த மெஷின்ல?”

“டிரை கிளீனிங்லதான். லேபிள் இல்லையே.”

ஊசி விரலில் ஏறியது. அவளுக்கு வலிக்கவே இல்லை. கோட்டு மடியிலிருந்து நழுவித் தரையில் விழுந்ததைக்கூட அவள் பார்க்கவில்லை.

அவரைக் குறை சொல்லவும் வழியில்லை. தெருவில் அவருக்கு மடிப்பு என்றுதான் பெயர். தூங்கி எழுந்து வந்தாலும் சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது. முகத்திலும் இருக்காது என்று கேலி செய்வார்கள். லேபிளைப் படிக்காமல் ஒரு கைக்குட்டையைக்கூட அவர் மெஷினில் போட்டதில்லை. லேபிள் இல்லாத துணி என்றால் அதில் தண்ணீரே படக்கூடாது, சாயம் போகும், சுருங்கும், நேராக டிரை கிளீனிங்தான். இது அந்தச் சலவைக்கடையின் சட்டம். சட்டத்தைப் போட்டவளே அவள்தான்.

லேபிளை வெட்டியதும் அவள்தான்.

தம்பிக்குச் சின்ன வயதிலிருந்தே கழுத்தில் லேபிள் உரசினால் சிவந்து தடித்துவிடும். அம்மா இல்லாத வீட்டில் அவனுக்குச் சட்டை எடுப்பதும், நுனி வளைந்த கத்தரியால் தையல் பிரியாமல் லேபிளை எடுப்பதும் அவள் வேலை. இப்போது அவனுக்குத் தாடி வந்து, அதில் இரண்டு மூன்று நரையும் வந்துவிட்டது. அக்காவின் கத்தரி மட்டும் ஓயவில்லை. இந்தச் சட்டைகளின் லேபிளையும் அவள் ஒரு வரி விடாமல் படித்துவிட்டுத்தான் வெட்டினாள். தண்ணீரில் பலமுறை துவைத்தாலும் பூச்சி மருந்து போகாது, டிரை கிளீனிங் மட்டும் கூடாது என்று அதில் போட்டிருந்தது. ‘காட்டுக்குப் போடுற துணியை எந்தக் கிறுக்கன் டிரை கிளீனிங் போடுவான்?’ என்று அவள் தனக்குள் சிரித்துக்கொண்டது இப்போது நினைவுக்கு வந்தது.

அவனைக் குருவி என்று கூப்பிடுவார்கள். பறவைகளின் குரலைப் பதிவு செய்வது அவன் பிழைப்பு. சாலை விபத்து ஒன்றில் வயிற்றில் அடிபட்டு, மண்ணீரலை எடுத்துவிட்டுத்தான் அவனைப் பிழைக்க வைத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது மருத்துவர் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். “காடு மேடுன்னு சுத்துறவரா? உண்ணி கடிக்காம பாத்துக்கங்க. நமக்கெல்லாம் அது ரெண்டு நாள் காய்ச்சல். மண்ணீரல் இல்லாதவருக்கு அந்தக் காய்ச்சல் வந்தா எங்க கைய மீறிப் போயிடும்.”

அதற்குப் பிறகும் போவேன் என்று அவன் ஒற்றைக் காலில் நின்றான். அவள் திட்டினாள், அழுதாள், சாப்பாட்டைப் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்தாள். எதுவும் பலிக்கவில்லை. கடைசியில், “சரி, நான் எடுத்துக் குடுக்கறதத்தான் போட்டுக்கணும்” என்று இறங்கி வந்தாள்.

மலையேறுபவர்களுக்குச் சாமான் விற்கும் கடையில் அவள் கேட்ட கேள்விகளில் கடைக்காரருக்கு நாக்கு வறண்டுவிட்டது. உடம்பில் பூசுவதில் காரமான மருந்து நெடுநேரம் நிற்கும், ஆனால் அது பட்டால் பிளாஸ்டிக் இளகிவிடும். இலை எண்ணெயில் செய்தது வாசனையாக இருக்கும், அடிக்கடி பூச வேண்டும். வாசனையே இல்லாத ஒன்று, தோலுக்கும் ஒத்துக்கொள்ளும், பிளாஸ்டிக்கையும் ஒன்றும் செய்யாது. அதில் ஒரு புட்டியை எடுத்துக்கொண்டாள். அதற்கு மேல், மருந்து ஏற்றிய துணி. உண்ணி அதில் ஏறினால் கால் மரத்துக் கீழே விழுந்துவிடும் என்றார் கடைக்காரர். அவள் சட்டைத் துணியை விரலால் நிமிண்டி, தையலைத் திருப்பி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். துணி விஷயத்தில் அவளை யாரும் ஏமாற்ற முடியாது.

இப்போது அந்தப் புட்டி அவள் கண்ணுக்கு நேராகக் கல்லாவின் மேல் இருந்தது. காலையில் குருவி வேண்டுமென்றே வைத்துவிட்டுப் போயிருந்தான். “முன்ன ஒரு தடவை எவனோ குடுத்த மருந்து பட்டு என் ரெக்கார்டர் பாழாப் போச்சுக்கா. இதெல்லாம் வேணாம். உன் சட்டை இருக்குல்ல, போதும்.” அவளும் போகட்டும் என்று விட்டுவிட்டாள். வாசனையில்லாத புட்டியைத் தேடி எடுத்ததே அந்த ரெக்கார்டருக்காகத்தான் என்று சொல்லி அவன் பையில் திணிக்க அவளுக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

போன் போட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே. மறுபடி போட்டாள். அதே பெண் குரல், அதே வார்த்தை. அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

“என்ன ஆச்சு? சொல்லித் தொலையேன்” என்றார் கணவர்.

சொன்னாள். அவர் கடையைப் பூட்டாமலேயே துணி கொண்டுபோகும் வேனை எடுத்தார்.

வழி நெடுக வாடிக்கையாளர்களின் துணிகள் பின்னால் கம்பியில் ஆடிக்கொண்டே வந்தன. அவர் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்.

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.”

“என்னன்னு சொல்றது? மருந்துத் துணி, தொடாதீங்கன்னா?”

“ஆமா. அவ்வளவுதான்.”

“மறந்துட்டேங்க.”

“லேபிள் இருந்திருந்தா படிச்சிருப்பேன்.”

“தெரியும்” என்றாள். அவளுக்கு அவரை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, அவர் தோளில் விழுந்து கதற வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் புட்டியை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

காட்டின் வாசலில் ஒரு தடுப்புக் கம்பமும் ஒரு சின்ன அறையும் இருந்தன. அறையிலிருந்த காவலர் அவள் சொன்னதைப் பொறுமையாகத்தான் கேட்டார். குருவியும் கூடப் போனவர்களும் மதியத்துக்கு முன்பே மேலே போய்விட்டார்களாம். பொழுது சாய்கிறது, இனி யாரையும் உள்ளே விட முடியாதாம்.

“ஐயா, உங்க கால்ல வேணாலும் விழறேன். இந்த ஒரு புட்டியை மட்டும் அவன்கிட்ட சேர்த்துடுங்க.”

“அம்மா, இருட்டுல மிருகம் இறங்குற பாதை அது. நானே போக மாட்டேன். கொஞ்ச நேரத்துல மேல முகாம்ல வயர்லெஸ்ஸத் திறப்பாங்க. பேசுங்க.”

அவள் அந்தக் கருப்புப் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். கணவர் வெளியே புழுதியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மடிப்பு என்று பெயர் எடுத்த மனிதர், பேன்ட் பூரா மண்.

பெட்டி கரகரத்தது. காவலர் யாரிடமோ பேசி, குருவியைக் கூப்பிடச் சொன்னார். பிறகு ஒலிவாங்கியை அவளிடம் கொடுத்தார். “இந்தப் பொத்தானை அமுக்கினாதான் நீங்க பேசறது போகும். அவர் பேசும்போது அமுக்கிப் பிரயோஜனம் இல்ல.”

“யாரு, அக்காவா? நீ எப்படி அங்க? சரி சரி, முதல்ல இதக் கேளு!” குருவியின் குரலில் அப்படி ஒரு சந்தோஷம். விபத்துக்குப் பிறகு அவன் அப்படிப் பேசி அவள் கேட்டதே இல்லை. “எத்தனை வருஷமா தேடுன குரல்க்கா, இன்னிக்குக் கிடைச்சிடுச்சு...”

அவள் பொத்தானை அமுக்கி, “டேய்” என்று கத்தினாள். அவன் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனான்.

“...மதியத்துலேருந்து புல்லுல குப்புறப் படுத்துத்தான் பதிவு பண்ணேன். இன்னும் அங்கதான் இருக்கேன், வாக்கி-டாக்கிய இங்கயே கொண்டாந்து குடுத்தாங்க. மத்தவங்க எல்லாம் மருந்தப் பூசிக்கிட்டு, பேன்ட்ட சாக்ஸுக்குள்ள திணிச்சுக்கிட்டு ஒரே அமர்க்களம். எங்க அக்கா சட்டை இருக்கு, எனக்கென்ன பயம்னு சொன்னேன். நிஜமாக்கா, மெத்துன்னு இருக்கு, ஒரு வாடையும் இல்ல. ம், நீ சொல்லு.”

“எழுந்திருடா! முதல்ல எழுந்திரு! அந்தச் சட்டையில ஒண்ணும் இல்லடா. மருந்து எல்லாம் போயிடுச்சு. டிரை கிளீனிங்ல போயிடுச்சு. நான் லேபிளை வெட்டிட்டேன்டா, நான்தான் வெட்டிட்டேன்.”

பொத்தானை விட்டாள். பெட்டியில் இரைச்சல் மட்டும் வந்தது. வாசலில் கணவர் எழுந்து வந்து நின்றார். பழியில் தன் பெயரை அவள் சேர்க்கவில்லை என்று புரிந்து அவர் முகம் கோணியது.

“என்னக்கா சொல்ற?”

“உடம்பப் பாருடா. இடுப்பு, அக்குள், முட்டிக்குப் பின்னாடி, காதுக்குப் பின்னாடி. கூட இருக்கறவங்களையும் பாக்கச் சொல்லு. டார்ச் அடிச்சுப் பாக்கச் சொல்லு.”

காவலர் நாற்காலியை அவள் பக்கம் தள்ளினார். அவள் உட்காரவில்லை. அவன் குழந்தையாக இருந்தபோது அவனைக் குளிப்பாட்டி, காதுமடலைத் திருப்பி அழுக்குப் பார்த்த விரல்களால், அவள் இப்போது மேசையின் விளிம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் இல்லை என்று சொல்லுடா. ஒன்றும் இல்லை அக்கா என்று சொல்லு.

“அக்கா.” குரல் சின்னதாகியிருந்தது. “முட்டிக்குப் பின்னாடி ஒண்ணு. இடுப்புல ரெண்டு. கடிச்சுக்கிட்டு இருக்கு.”

காவலர் சட்டென்று ஒலிவாங்கியை வாங்கினார். நசுக்காமல், தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுக்கச் சொன்னார். விடிந்ததும் முதல் வேலையாகக் கீழே இறக்கச் சொன்னார். நேரே ஆஸ்பத்திரிதான் என்றார். அவள் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தாள். விடியும்வரை அவன் அங்கேதான் இருக்க வேண்டும். புட்டி அவள் கையில் சீல்கூட உடையாமல் இருந்தது.

“அக்கா, ஒண்ணும் ஆகாது. அழாத” என்றான் குருவி. கொஞ்சம் நிறுத்திக் கேட்டான். “இப்ப இந்தச் சட்டைய என்ன பண்ண? கழட்டிடவா?”

அவள் பொத்தானை அமுக்கினாள்.

“போட்டுக்கோடா” என்றாள். “குளிரும்.”