அக்கா போட்ட அட்டவணை

1

இந்தக் கதை ஒரு போன் அழைப்பில் பிறந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அழைத்தது என் அக்கா. புள்ளிவிவர அலுவலகத்தில் வேலை. ஒவ்வொரு மாவட்டத்திலும் அரசு செய்யும் செலவு அந்த மாவட்டப் பொருளாதாரத்தில் எவ்வளவு பங்கு என்று ஒப்பிட்டு அட்டவணை போடுகிறாள். அதில் எங்கள் மாவட்டம்தான் முதலிடம், அதாவது முதல் ஊதாரி. அதனால் இங்குள்ள பிரசவ வார்டை இந்த மாதக் கடைசியிலேயே மூடப் போகிறார்கள். அடுத்த ஆஸ்பத்திரி மலையைத் தாண்டி இருக்கிறது. பக்கத்து அறையில் என் மனைவி நிறைமாதமாகப் படுத்திருக்கிறாள்.

2

(நான் முதலில் எழுதிய தொடக்கம்: "எண்களுக்கு இதயம் இல்லை, ஆனாலும்..." எனக்கே கொட்டாவி வந்தது. அடித்துவிட்டேன்.)

நடந்த தப்பு இதுதான். இங்கே ஒரு சிமெண்ட் ஆலை இருக்கிறது. தூசி எங்கள் துணிக்கொடியில் படிகிறது. உற்பத்தி மட்டும், கம்பெனியின் தலைமை அலுவலகம் இருக்கும் நகரத்தின் கணக்கில் ஏறியிருக்கிறது. எங்கள் பொருளாதாரம் சுருங்கித் தெரிய, அதே செலவு பூதாகரமாகத் தெரிகிறது. அட்டவணை மேலே போன பிறகுதான் அக்காவுக்கு இது உறைத்தது.

"இப்பத் திருத்தினா, தம்பி பொண்டாட்டிக்காகத் திருத்திட்டேன்னு சொல்லுவாங்கடா."

திருத்தாவிட்டால் என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை. பயம்.

3

அடையாளம் தெரியாமலிருக்க, கதையில் அக்காவை அண்ணனாக்கிப் பார்த்தேன். சிமெண்டைச் சர்க்கரையாக்கினேன். மனைவியை நீக்கினேன், பிறகு எதற்கு இவன் இப்படி நகத்தைக் கடிக்கிறான் என்று நீங்கள் கேட்பீர்களே. மறுபடி சேர்த்துவிட்டேன்.

[அக்காவின் மேலதிகாரியான இயக்குநரை வில்லனாக்கலாமா? வேண்டாம். மனிதர் அட்டவணையை நம்புகிறார், அவ்வளவுதான்.]

இந்தக் கதை வெளியே வந்தால், அக்கா குடும்பத்துக்காகத்தான் திருத்தினாள் என்று நானே சாட்சி சொன்னதாகிவிடும். எழுதாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

முடிவு ஒன்று: இயக்குநர் அட்டவணையைத் திரும்ப வாங்கிக்கொள்கிறார். (அவ்வளவு சுலபமா?)

முடிவு இரண்டு: அக்கா வாயைத் திறக்கவில்லை. மனைவிக்கு வலி எடுக்கிறது. மலைப்பாதையில், பாதி வழியில், வண்டி

இதை எழுத மாட்டேன்.

4

மறுபடி போன். இயக்குநர் அறை வாசலில் நிற்கிறாளாம்.

"உன் கதையில நான் உள்ள போயிட்டேனாடா?"

"இன்னும் எழுதலக்கா."

"எழுதிட்டுச் சொல்லு. அதுவரைக்கும் நிக்கிறேன்."

அக்கா கதவைத் தட்டி

அடுத்த சொல் வரவில்லை. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து மனைவி என்னைக் கூப்பிடுகிறாள், வழக்கத்தைவிடக் கொஞ்சம் உரக்க. நான் போயாக வேண்டும். பேனாவை உங்கள் பக்கம் நகர்த்தி வைக்கிறேன். சீக்கிரம் எழுதுங்கள், அக்கா நின்றுகொண்டிருக்கிறாள்.