நோன்பு மாதத்துக் கிணறு

எழுதிப் பழகாத கையினால் இதனை எழுதத் துணிந்தமைக்காகப் பெரியோர்கள் பொறுத்தருள வேண்டுகின்றேன். பிழைகள் இருப்பின் திருத்திப் படித்துக்கொள்ளுமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கின்றேன்.

கடலோரத்து மாம்புரியில் நஃபீஸா தன் வீட்டு வளவில் இரண்டு பாத்தி சின்ன வெங்காயம் நட்டிருந்தாள். மகள் சப்னாவின் கல்யாணத்துக்குப் பின் வரும் முதல் நோன்புப் பெருநாளுக்குச் சம்பந்தி வீட்டார் விருந்துக்கு வருவதாக இருந்தது. "பெருநாளண்டைக்குக் கடை வெங்காயம் ஒண்டும் என்ட குசினிக்குள்ள வராது" என்று சம்பந்தியிடமே வாய்விட்டுச் சொல்லியிருந்தாள். மிஞ்சுவதை அடுத்த போகத்துக்கு விதையாகக் கட்டித் தொங்கவிடவும் எண்ணியிருந்தாள்.

வீட்டுக்குக் குழாய்நீர் வந்த பின் வளவுக் கிணறு பாத்திகளுக்கு மட்டுமே. அங்கே மணலுக்கடியில் நன்னீர் மேலாகத்தான் நிற்கும்; வேகமாக இறைத்தால் உப்பு ஏறிவிடும். ஆகையால் நஃபீஸா வாளியால் அள்ளுவாள். முதல் வாளியில் விரல் நனைத்து, நாவில் வைத்துப் பார்த்த பிறகே பாத்திக்கு ஊற்றுவாள்.

நோன்பு பிறந்தது. கணவர் நெய்னார் மனம் இரங்கி ஒரு மோட்டர் வாங்கிவந்து பூட்டினார்.

"வாளி தூக்கித் தூக்கி நோம்போட விழுந்துடாத, புள்ள. இனிச் சுவிச்சத் தட்டினாச் சரி."

"இவ்வளவு காலத்துக்குப் பிறகுதான் இந்தக் கை நோகுமெண்டு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு" என்று அவள் சிரித்தாள்.

பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பின் மோட்டர் ஓடும். நோன்பு நேரத்தில் நாவில் நீர் படுவதற்கு அவள் மனம் ஒப்பவில்லை. விரல் நாவுக்குப் போகாமலே பாத்திகள் நனைந்தன.

பாதி நோன்பு கழிகையில் வெங்காயத் தாள்களின் நுனி கருகத் தொடங்கியது. வெயில் கடுமை, நீர் போதவில்லை என்றெண்ணி, மோட்டரை இன்னும் அதிக நேரம் ஓடவிட்டாள்.

பக்கத்து வளவு யூஜீனியா வேலியோரம் வந்து நின்றாள்.

"என்ன நஃபீஸாக்கா, வெங்காயத்துக்கும் நோன்போ? இப்பிடி வாடிக் கிடக்கு."

"தண்ணி விட்டுக்கொண்டுதான் இருக்கிறன். விட விடக் கருகுது."

யூஜீனியா உள்ளே வந்து, குழாய் முனையில் கையேந்தி ஒரு வாய் குடித்தாள். குடித்த வேகத்தில் துப்பினாள்.

"ஐயோ அக்கா! இதில சோறாக்கினா உப்புப் போடத் தேவையில்ல."

நெய்னார் ஓடிப்போய் மோட்டரை நிறுத்தினார். "நான் செஞ்ச வேலதான்" என்றார்.

"நீங்க நல்லதுக்குச் செஞ்சீங்க. ருசி பாக்காம ஊத்தினது நான்."

"இப்ப சம்மந்திக்கு என்ன சொல்ற?"

"உள்ளதத்தான் சொல்ற."

பெருநாளன்று சம்பந்தி பரீனா புரியாணியை ருசித்துத் தலையாட்டினாள். "உங்கட வெங்காயம் நல்ல ருசி, மச்சி."

"அது கடையில எடுத்தது, மச்சி. என்ட வெங்காயம் உப்புத் தண்ணியில போச்சுது."

பரீனா சிரித்தாள். "அப்ப கடைக்காரனுக்கு என்ட சலாத்தச் சொல்லுங்க."

போனவை இவை: இரண்டு பாத்தி வெங்காயம், அடுத்த போகத்துக்கான விதை முழுவதும், மாரி மழை வரும்வரை அந்தக் கிணறு, சம்பந்தியிடம் சொன்ன ஒரு சொல்.