வேர்வை தெரியாத சட்டை

கோல்ஃபைப் பற்றி மதுஷாவுக்குத் தெரிந்ததெல்லாம் அதை ஆடும் ஆண்கள் என்ன உடுத்த வேண்டும் என்பது மட்டும்தான். அல் கூஸில் சீருடையும் விளையாட்டு உடுப்பும் இறக்குமதி செய்யும் கம்பெனி ஒன்றில் அவளுக்குச் சரக்கு தெரிவு செய்யும் வேலை. காலர் இல்லாத சட்டையோடு மைதானத்துக்குள் விடமாட்டார்கள். ஜீன்ஸ் ஆகாது. பருத்தி நல்லதென்று எல்லாரும் கேட்பார்கள், ஆனால் இந்தப் பாலைவன ஊர் வெயிலில் அது குடித்த வேர்வையை விடாமல் உடம்போடு ஒட்டி ஈரச் சாக்காகிவிடும். சாம்பல் நிறத்தில் நனைந்த இடம் கறுத்துத் தெரியும். கடும் நீலம் காய்ந்தால் உப்புப் பூக்கும். வெள்ளை நனைந்தால் நெஞ்சு மயிரை எண்ணிவிடலாம்.

2003 ஆகஸ்டில் பெரிய ஆர்டர் ஒன்று வந்தது. வீடு கட்டி விற்கும் நிறுவனம் ஒன்று செப்டம்பர் கடைசியில் விருந்தினருக்குக் கோல்ஃப் போட்டி நடத்தப்போகிறது, எல்லாருக்கும் ஒரே சட்டை வேண்டும். படம் எடுப்பார்கள், பத்திரிகையில் வரும். படத்தில் ஒருவருடைய அக்குளும் ஈரமாகத் தெரியக்கூடாது என்பதுதான் அவர்கள் போட்ட ஒரே நிபந்தனை.

மதுஷா சாம்பல், கடும் நீலம், வெள்ளை, இளம்பச்சை என நான்கு மாதிரிகளை வரவழைத்து மேசையில் பரப்பினாள். மேனேஜர் கோபாலசாமி கோயம்புத்தூர்க்காரர். போன வருடம்தான் கோல்ஃப் பழகத் தொடங்கியிருந்தார், அந்த விருந்தினர் வரிசையில் அவருக்கும் ஓர் இடம் இருந்தது.

"தடவிப் பார்த்தா ஆச்சுங்களா?" என்றார். "வெயில்ல போட்டு வேலை செஞ்சு பார்க்கணும். மத்தியானம் கண்டெய்னர் வருது. லோடிங் ஆளுங்க நாலு பேருக்கு மாட்டி விடுங்க."

"பன்னிரண்டு மணி வெயிலிலயா சேர்?"

"அப்பத்தான வேர்க்கும்?"

மத்தியானத்தில் வெளிவேலை கூடாது என்ற சட்டம் இன்னும் வந்திருக்கவில்லை. எப்படியும் அவர்கள் இறக்கத்தான் போகிறார்கள், எந்தச் சட்டையில் இறக்கினால் என்ன என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மதுஷா சட்டைகளைக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

நான்கு பேரில் இருவர் பெங்காலிகள். மற்ற இருவர் அதிராம்பட்டினத்துக்காரர்கள், ஹசன் அலியும் அவருடைய மகளைக் கட்டிய சதக்கத்துல்லாவும். மருமகனுக்கு விசா வாங்கிக் கூட்டிவந்தவர் ஹசன் அலிதான். புதுச்சட்டையைப் பார்த்துச் சதக்கத்துல்லாவுக்கு வாயெல்லாம் பல்.

"மாமா, இதுல நீங்க கம்பெனி ஓனர் மாதிரி இருக்கீங்க."

"சும்மா வா, வண்டி நிக்கிது," என்று ஹசன் அலி வெள்ளைச் சட்டையின் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டார்.

கண்டெய்னருக்குள் காற்று கொதித்தது. பெட்டி பெட்டியாக அவர்கள் இறக்குவதைக் கோபாலசாமி ஏசி அறையின் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தார். வேலை முடியும் தறுவாயில் டிஜிட்டல் கேமராவுடன் வெளியே வந்தார். மூக்கை மூடிக் கைக்குட்டை கட்டியிருந்தார். அது முழுக்க ஊது அத்தர் வாசம்.

"கையைத் தூக்கு. ஹாத் ஊப்பர்."

நான்கு பேரும் சுவரோரம் நின்று கைகளைத் தூக்கினார்கள். அவர் ஒவ்வொருவருடைய அக்குளுக்கும் கேமராவைக் கிட்டத்தில் கொண்டுபோய்ப் படம் எடுத்தார். "திரும்பு. முதுகு." ஹசன் அலியின் சட்டை தோலோடு ஒட்டி, அவருடைய விலா எலும்புகளும் தொப்புளும் அப்படியே தெரிந்தன. அவர் ஒரு கையை இறக்கி மார்பை மூடப் பார்த்தார். "கையை எடுப்பா, மறைக்குது," என்றார் கோபாலசாமி. மதுஷா தரையைப் பார்த்தாள்.

"சரி, பச்சைதான் பரவாயில்ல. அடுத்தது வாசனை." அவளிடம் திரும்பினார். "லேடீஸுக்கு மூக்கு நல்லா இருக்கும். எது நாறுதுன்னு கிட்டப் போய்ப் பாருங்க."

"என்னால ஏலாது சேர்."

"அட, வேலைதானுங்க இது."

"ஏலாது எண்டு சொன்னனான்."

கோபாலசாமி சிரித்தார். பிறகு சதக்கத்துல்லாவைச் சுட்டி விரலை ஆட்டினார். "நீ வா. இவங்க மூணு பேரையும் மோந்து பார்த்துச் சொல்லு. முதல்ல இந்தப் பெரியவரு."

சதக்கத்துல்லா விளையாட்டென்று நினைத்துப் பாதிச் சிரிப்போடு நின்றான். "சார், இவங்க எங்க மாமா. என் வீட்டுக்காரியோட வாப்பா."

"அதனால என்ன? யாருதா இருந்தாலும் வேர்வைதானே? ஜல்தி."

பெங்காலிகளுக்குப் பேச்சு புரியவில்லை, ஆனால் நடப்பது புரிந்துவிட்டது. சதக்கத்துல்லா ஓர் அடி எடுத்துவைத்தான். அவன் முகம் இழுபட்டுக்கொண்டது. அவன் குனியப் போகிறான் என்று கண்டதும் மதுஷா கோபாலசாமியைத் திரும்பிப் பார்த்தாள். கைக்குட்டைக்கு மேலே தெரிந்த கோபாலசாமியின் கண்களில் வெறும் ஆவல்தான் இருந்தது, காய்கறி வாங்குகிறவன் கத்தரிக்காயைப் பார்ப்பது போல. அதுதான் அவளைக் குமட்டச் செய்தது.

ஹசன் அலி மருமகனுடைய தோளில் கைவைத்து நிறுத்தினார். பிறகு சட்டையைத் தலைவழியே கழற்றினார். அது சொட்டியது. நேரே நடந்துபோய் கோபாலசாமியின் கேமரா இல்லாத கையில் அதை வைத்தார்.

"நீங்களே பார்த்துக்குங்க சார். நீங்க போடப்போற சட்டைதானே."

கோபாலசாமி அலறாத குறையாகச் சட்டையை உதறினார். கை நனைந்துவிட்டது. அந்தக் கையை உடம்பில் படாமல் தூரமாகப் பிடித்துக்கொண்டு, "சோப்பு, சோப்பு!" என்று உள்ளே ஓடினார். கழுவுமிடத்தில் தண்ணீர் நிற்காமல் ஓடும் சத்தம் முற்றம் வரை கேட்டது.

மற்ற மூவரும் சட்டைகளைக் கழற்றி மதுஷாவிடம் நீட்டினார்கள். ஈரமாகவும் சூடாகவும் இருந்தன. அவள் வாங்கிக்கொண்டாள். ஏதாவது சொல்ல வேண்டும்போல இருந்தது, ஆனால் சட்டைகளைக் கொண்டுவந்து கொடுத்தவளே அவள்தானே.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ," என்றாள் கடைசியில்.

"நீங்க என்ன செய்வீங்கம்மா," என்று ஹசன் அலி தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்ளப் போனார். அந்தச் சமாதானம் அவளை இன்னும் கூசவைத்தது.

அடுத்த வாரம் ஹசன் அலியை மட்டும் தொலைவில் துறைமுகப் பக்கமிருந்த ஜெபல் அலி யார்டுக்கு மாற்றினார்கள். மாமனாரும் மருமகனும் இப்போது வெவ்வேறு தொழிலாளர் கேம்ப். காரணம் யாரும் சொல்லவில்லை.

போட்டியன்று சட்டை கொடுக்க மதுஷாவையும் மைதானத்துக்கு அனுப்பினார்கள். பாலைவனத்தின் நடுவே கண் கூசும் பச்சைப் புல். எல்லாரும் ஒரே இளம்பச்சையில் நின்றார்கள், ஒருவர் அக்குளிலும் ஈரம் தெரியவில்லை. கோபாலசாமி விருந்தினர் நடுவே பழரசக் கோப்பையோடு ஆங்கிலத்தில் கதை சொல்லிக்கொண்டிருந்தார். சட்டையை எப்படிப் பரிசோதித்தோம் என்ற கதை. மருமகன், மாமனார், அக்குள். ஈரச் சட்டை கைக்கு வந்த இடத்தைச் சொல்லும்போது முகத்தைச் சுளித்துக் கையை உதறிக் காட்டினார். வட்டமாக நின்றவர்கள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். ஒருவர் தன் கையிடுக்கில் மூக்கை நுழைத்து மோந்து காட்ட, இன்னும் பெரிதாகச் சிரிப்பு எழுந்தது.

மதுஷா கூடாரத்துக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தாள். காலையில் குடித்த தேத்தண்ணி மட்டும்தான் வந்தது. மிச்சச் சட்டைப் பெட்டிகளை அப்படியே விட்டுவிட்டு டாக்ஸி பிடித்து அஜ்மானில் இருந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

கணவன் சஜீவன் கதவைத் திறந்து திகைத்தான். "என்னப்பா, சுகமில்லையே?"

"அந்த மனுசனோட இனி ஒரு அறையில இருக்க என்னால ஏலாது. அருவருப்பாக் கிடக்கு."

"வேற வேலை கிடைக்கிற மட்டுமாவது..."

"கிடைக்காட்டிலும் போகமாட்டன்."

அவள் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டு, உடுத்திருந்த உடுப்போடேயே தண்ணீரின் கீழே நின்றாள்.