சாவியை விட்டதும் நின்ற வண்டி

1

இந்தக் கதை ஒரு சண்டையிலிருந்து வந்தது. சண்டைக்குக் காரணமான பொருள் உள்ளங்கையில் அடங்கிவிடும்.

கிடங்கில் இரவு ஷிப்டைப் பாதியில் விட்டுவிட்டு அரிசோனாப் பாலைவனத்துக்கு வந்தவன் நான். குளிர்காலத்தில் பழைய வண்டிகளையே வீடாக்கி வாழ்பவர்கள் இங்கே கூடுவார்கள். கடவுளைப் பற்றிப் பேசினால் ஒரு நாற்காலிகூட நகராது. இன்ஜினில் தீப்பொறி எழுப்பும் இக்னிஷனைப் பற்றிப் பேசினால் எல்லா நாற்காலிகளும் நெருங்கி வரும்.

முதல் தொடக்கம்: டெல்பர்ட்டின் கைகள் இலைகளைப் போல நடுங்கின, அவருடைய மனமும்...

வேண்டாம். இங்கே இலையே கிடையாது.

இரண்டாம் தொடக்கம்: டெல்பர்ட்டால் இனி பாயிண்ட் கேப் வைக்க முடியாது.

இது போதும்.

2

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பாயிண்ட் என்பது இரண்டு சின்ன உலோகப் பொட்டுகள். இன்ஜின் சுழலச் சுழல அவை தொட்டுத் தொட்டுப் பிரியும். பிரியும்போதெல்லாம் தீப்பொறி. நடுவே இருக்க வேண்டிய இடைவெளி, அதாவது கேப், தீப்பெட்டி அட்டையின் கனம். தேயத் தேய மறுபடி வைக்க வேண்டும். எலக்ட்ரானிக் இக்னிஷனில் தேய்வதற்கு ஒன்றும் இல்லை. ஆனால் போகும்போது சொல்லிக்கொண்டு போகாது.

(இதில் என்ன பரபரப்பு என்று கேட்பவர்கள், ஏற்றத்தின் நடுவே நின்றுபோன வண்டியில் உட்கார்ந்ததில்லை. நான் இந்தப் பத்தியை நின்றுகொண்டுதான் எழுதினேன்.)

டெல்பர்ட்டும் அவர் மனைவி வெர்னாவும் ஊரிலிருந்த வீட்டை எப்போதோ விற்றுவிட்டார்கள். எழுபத்துமூன்றாம் வருடத்து வண்டிதான் இப்போது வீடு. அப்பாவின் கை நடுக்கத்தைக் கேள்விப்பட்ட மகன் ஒஹையோவிலிருந்து போனில் ஒரு நிபந்தனை வைத்தான். அம்மா தனியாக வண்டியைக் கழுதை ஏற்றத்தில்* ஏற்றி இறக்க வேண்டும். முடியாவிட்டால் வண்டியை விற்றுவிட்டு அவன் வீட்டு நிலவறையில் வந்து தங்க வேண்டும். இருவரும் சரி என்றார்கள்.

*பெயர் நான் வைத்தது. ஏற்றம் உண்மையைவிடக் கொஞ்சம் செங்குத்தாகவும் இருக்கிறது. கதைதானே.

3

வெர்னா புதிதாக வாங்கிய எலக்ட்ரானிக் இக்னிஷன் பெட்டியை உறை பிரித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"பாயிண்ட் கெட்டா நாலு நாள் முன்னாடியே இருமிக் காட்டும். இந்தச் சனியன் நடு ஏத்தத்துல பொட்டுனு போயிரும்," என்றார் டெல்பர்ட்.

"பாயிண்டுக்கு உன் கை வேணும், டெல். இதுக்கு வேண்டாம்."

"என் கைக்கு என்னடி?"

"காப்பியக் கேளு. பாதி உன் சட்டையிலதான் இருக்கு."

நான் சிரிக்கவில்லை என்று முதலில் எழுதியிருந்தேன். பொய். எல்லோரும் சிரித்தோம்.

வெர்னா பாயிண்டைத் தானே கழற்றி, புதுப் பெட்டியைத் தானே மாட்டினார். சாவியைத் திருப்பினார். இன்ஜின் உறுமியது! நாற்காலிகள் கைதட்டின. சாவியை விட்டார். நின்றுவிட்டது.

மறுபடி திருப்பினார். உறுமல். விட்டார். அமைதி.

"பாத்தியா! பாத்தியா!" டெல்பர்ட் துள்ளினார். பிறகு மெதுவாக உட்கார்ந்தார். இந்த வெற்றி எந்த ஊரில் போய் முடியும் என்று அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும்.

4

இங்கேதான் அவரை நான் சந்தேகப்பட்டேன். கோளாறு என்ன என்று அவருக்குத் தெரியும். பழைய வண்டிகளில் பாயிண்ட் கருகாமலிருக்க, தீப்பொறிக்கு வேண்டிய மின்னழுத்தத்தை ஏற்றித் தரும் காயிலுக்குப் போகும் வழியிலேயே மின்சாரத்தைக் குறைத்துத்தான் அனுப்புவார்கள். ஸ்டார்ட் செய்யச் சாவியைத் திருப்பிப் பிடித்திருக்கும் அந்தக் கணத்தில் மட்டும் பாட்டரியின் முழு பலமும் வேறு வழியாக வரும். வெர்னா புதுப் பெட்டியின் சிவப்பு வயரைக் காயிலில் கொடுத்துவிட்டார். சாவியை விட்டதும் பெட்டி பட்டினி. இங்கே மாற்றுகிறவர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது செய்கிற தவறு.

சொன்னால் வாதத்தில் தோற்பார். சொல்லாவிட்டால் நிலவறை.

அவர் சொல்லவில்லை என்று ஒரு முடிவு எழுதினேன். அதில் வெர்னா ஒஹையோவில் ஜன்னலில்லாத அறையில் துணி மடிக்கிறார். கிழித்துப் போட்டேன். இன்னொரு முடிவு: கண்கலங்கி மனைவியின் கையைப் பற்றிய டெல்பர்ட், "அன்பே, வாழ்க்கையே ஒரு..."

மன்னிக்கவும்.

நடந்தது இது:

"அறிவிருக்கா உனக்கு? செவப்பு வயர எங்க குடுத்திருக்க? ஃபியூஸ் பொட்டியில குடு! சாவி போட்டா மட்டும் கரண்டு வர்ற எடமாப் பாத்துக் குடு!"

வெர்னா ஸ்பேனரை இறக்கினார். "உனக்கு மொதல்லயே தெரியுமா?"

"நீ வயரத் தொட்டப்பவே தெரியும்."

"அப்ப ஏன்யா வாய மூடிட்டு இருந்த?"

"ஜெயிச்சுட்டு இருந்தேன்ல!"

5

வயரை மாற்றினார். சாவியை விட்ட பிறகும் வண்டி ஓடியது. வெர்னா ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டு, டெல்பர்ட்டைப் பார்க்காமல் கிளம்பினார். அவ்வளவு பெரிய வண்டி, அதன் முழுச் சத்தத்தோடு ஏற்றத்தில் ஏறுவதைப் பார்த்துச் சும்மா உட்கார எங்களால் முடியவில்லை. எல்லோரும் நின்றோம்.

செம்பாறை வளைவில் திரும்பியது. சத்தம் நின்றது.

பாறை சத்தத்தை மறைக்கும் இடம் அது. வண்டிகள் நின்றுபோகும் இடமும் அதுவே.

"உனக்கு ஏதாச்சும் கேக்குதா?" என்று டெல்பர்ட் என்னைக் கேட்டார்.

[என் பதில் இங்கே இருந்தது. எடுத்துவிட்டேன்.]

மேலே ஏறிப் போவது என்று அவர் முடிவு செய்துவிட்டார். கருவிப்பெட்டி காலடியில் இருக்கிறது. அதைத் தூக்கிக்கொண்டு போய், வெர்னா வெற்றியோடு எதிரே இறங்கி வந்தால், மனைவிமேல் நம்பிக்கை இல்லை என்று ஆகிவிடும். விட்டுவிட்டுப் போய், வண்டி அங்கே நின்றிருந்தால் வெறுங்கை.

குனிந்துவிட்டார். கை கைப்பிடிக்கு மேலே ஆடிக்கொண்டிருக்கிறது.

இதற்குமேல் நான் எழுதமாட்டேன். நீங்கள் எழுதுங்கள். சீக்கிரம் எழுதுங்கள். மனிதருக்கு இடுப்பு வலி, நெடுநேரம் குனிந்து நிற்க முடியாது.