அய்யா என்றால் நீளும் வராந்தா

எங்கள் காவல் நிலையத்தின் வராந்தா, யாராவது ‘அய்யா’ என்று சொன்னால் நீளும். சாதாரணமாகச் சொன்னால் ஓர் ஆள் படுக்கும் நீளம். அழுதுகொண்டு சொன்னால் ஒரு பஸ் நிற்கும் நீளம். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். கட்டும்போதே அப்படித்தான் கட்டினார்கள்.

வராந்தாவின் முடிவில் ஒரு பச்சைக் கதவு இருக்கிறது. அதற்குள்தான் விசாரணை நடக்கும். தெரு மன்றத்துக்குத் தேர்வானவர்கள் எந்த நேரமும் போய் அந்தக் கதவைத் திறந்து பார்க்கலாம் என்பது சட்டம். நல்ல சட்டம். போலீஸ்காரர்களே அதைப் பாராட்டுவார்கள். போன தடவை தேர்வான மன்றம் திறந்து பார்க்கப் போனது. இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. காற்று தோதாக அடித்தால் அவர்களுடைய செருப்புச் சத்தம் கேட்கும்.

அதனால் மறுபடி தேர்தல் வந்தது. நான் நின்றேன்.

என் பெயர் பேச்சியம்மாள். வாடகைப் பாத்திரக் கடை வைத்திருக்கிறேன். கல்யாண வீட்டுக்குப் போன அண்டா நசுங்காமல் என் கடைக்குத் திரும்பி வரும். வராவிட்டால் அந்த வீட்டு வாசலில் போய் உட்கார்ந்துவிடுவேன். மாப்பிள்ளையும் பெண்ணும் மாலையோடு எழுந்து தேடுவார்கள். பிரசாரத்தில் நான் ஒரே வாக்கியம்தான் பேசினேன். “கொண்டுபோன ஆளக் கொண்டுபோன மாதிரியே திருப்பித் தரணும்.” தெரு கை தட்டியது. ஓட்டும் போட்டது. என்னோடு மளிகைக்கடை இருதயராஜ் அண்ணாச்சியும் தேர்வானார். அவர் எதுவுமே பேசவில்லை. அவர் கடை அரிசியில் கல் இருக்காது. அது போதும் என்று ஓட்டுப் போட்டுவிட்டார்கள்.

பதவியேற்ற மறுநாள் காலையில் இசக்கி ஓடி வந்தாள். மைக் செட் வைத்திருக்கும் சுடலைமுத்துவின் பெண்டாட்டி. கையில் தூக்குவாளி.

“யக்கா, அவுகளக் கூட்டிட்டுப் போயிட்டாவ.”

“என்னன்னு சொல்லி?”

“சும்மா விசாரிச்சிட்டு விட்டுருவோம்னு.”

எனக்கு விசாரணைக்குப் பயமில்லை. அந்தச் ‘சும்மா’வுக்குத்தான் பயம்.

“என்ன கேஸாம்?”

“தெருவுல ஒரு நிழலக் காணோமாம். இவுகளுக்கு ரெண்டு விழுந்துச்சாம்.”

“ரெண்டு பக்கமும் லைட்டு எரிஞ்சா ரெண்டு விழத்தான செய்யும்?”

“அதத்தான் சொன்னாவ. எதுத்தா பேசுதன்னு இழுத்துட்டுப் போயிட்டாவ.”

நான் கடையை இழுத்து மூடினேன். அண்ணாச்சியைக் கூப்பிட்டேன். அவர் முன்யோசனைக்காரர். வாய் தவறி ‘அய்யா’ வந்துவிடக் கூடாதென்று பெரிய தேன்மிட்டாய் ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டு வந்தார். நான் மிட்டாய் எதுவும் போடவில்லை. என் நாக்கு என் சொல்படி கேட்கும் என்று நினைத்தேன்.

காவல் நிலைய வாசலில் இசக்கியை நிறுத்திவிட்டு இருவரும் படியேறினோம். வராந்தா அன்று சிறியதாகத்தான் இருந்தது. பச்சைக் கதவின் தாழ்ப்பாள் கூடத் தெரிந்தது. எனக்குத் தெம்பு வந்தது.

அண்ணாச்சி வாயைத் திறக்கவில்லை. ஆனால் காக்கிச்சட்டையைக் கண்டதும் அவர் கைகள் தாமாகவே கும்பிட்டன. அவ்வளவுதான், கும்பிட்ட கையோடு தொப்பி மாட்டும் ஸ்டாண்டாக மாறிவிட்டார். அந்தப் பக்கம் போன ஒரு போலீஸ்காரர் அவர்மேல் தொப்பியை மாட்டிவிட்டுப் போனார். அண்ணாச்சியின் கன்னத்தில் மிட்டாய் மட்டும் உப்பியிருந்தது.

“இருங்க அண்ணாச்சி, வந்துருதேன்” என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

வராந்தாவில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார் தலைமைக் காவலர். டீ குடித்துக்கொண்டிருந்தார். மரியாதை தெரிந்த மனுஷர். எழுந்து வணக்கம் வைத்தார். நானும் பதிலுக்குச் சொன்னேன்.

“வணக்கம் ஏட்டையா.”

சொன்ன பிறகுதான் உறைத்தது. எங்கள் பக்கம் தலைமைக் காவலரை எல்லோரும் ஏட்டையா என்றுதான் சொல்வோம். ஏட்டும் அய்யாவும் ஒட்டிப் பிறந்த பிள்ளைகள். பச்சைக் கதவு தள்ளிப் போனது.

“வேணும்னு சொல்லல ஏட்டையா” என்றேன். இன்னும் தள்ளிப் போனது. என்மேல் எனக்கே ஆத்திரம் வந்தது.

“என்னம்மா வேணும்?” என்றார் ஏட்டு.

“அந்தக் கதவு.”

“தாராளமாப் போங்க. யாரு தடுத்தா?”

நடந்தேன். ஏட்டின் மேசையும் ஏட்டும் என் பக்கத்திலேயே வந்தார்கள். மேசையில் டீ தளும்பவில்லை. கொஞ்ச தூரத்தில் ஒரு பஸ் ஸ்டாப் வந்தது. குடையோடு நாலு பேர் நின்றார்கள். கதவுக்குப் போகும் பஸ் எப்போது வரும் என்று கேட்டேன். அய்யாவுக்குத்தான் தெரியும் என்றார்கள். அந்த வார்த்தைக்கு வராந்தா நீண்டது; பஸ் ஸ்டாப் அவர்களோடு பின்னால் போய்விட்டது.

“எதுக்கும் இன்ஸ்பெக்டர் அய்யாட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிடுங்க” என்றார் ஏட்டு. வராந்தா சடசடவென்று நீண்டது.

“நீங்களே இப்படிச் சொல்லலாமா?”

“சொல்லாம முடியாதும்மா. நாள் பூரா சொல்லணும். எங்க வீட்டு வாசலும் இந்த வராந்தாவுக்கு அந்தப் பக்கம்தான் இருந்துச்சு. வேலைக்குச் சேந்த புதுசுல இங்கருந்தே தெரியும். எம் பொஞ்சாதி கோலம் போடுறதப் பாத்துருக்கேன்.”

எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. கோபமும் போகவில்லை. இரண்டையும் வைத்துக்கொண்டு நடந்தேன். கதவு ஒரு பொட்டு அளவுக்குச் சிறுத்துவிட்டது. அதற்குள் சுடலைமுத்து இருக்கிறான். காதுகுத்துக்குப் பாட்டுப் போடச் சொன்னால் ஒலிபெருக்கியை ஆஸ்பத்திரிப் பக்கம் திருப்பாமல் கட்டுகிறவன். அவனை அந்தச் ‘சும்மா’ என்ன செய்துகொண்டிருக்கிறதோ என்று நினைத்ததும் தொண்டை வறண்டது. மேசையில் ஒரு தண்ணீர்க் கூஜா இருந்தது. கடையில் வேலை ஏவுகிற பழக்கத்தில் சொல்லிவிட்டேன்.

“எய்யா, அந்தத் தண்ணிய இங்கிட்டு எடுத்துக் குடுய்யா.”

எங்கள் பக்கம் பெற்ற பிள்ளையை அப்படித்தான் கூப்பிடுவோம். குளிக்க வர மறுத்தால் எய்யா, சோறு தின்ன மறுத்தால் எய்யா.

வராந்தா ஓர் ஆள் நீளம் சுருங்கியது.

ஏட்டு எழுந்து நின்று கூஜாவை நீட்டினார். அவர் முகம் பள்ளிக்கூடப் பிள்ளையின் முகமாகிவிட்டது. மீசை அப்படியே இருந்தது.

நான் தண்ணீரை நிதானமாகக் குடித்தேன். எனக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. இது இத்தனை காலமும் கீழேயிருந்து மேலே, ஒரே பக்கமாகச் சொல்லப்பட்ட வார்த்தை.

“எய்யா ராசா, காலைல சாப்பிட்டியாய்யா?”

சுருங்கியது.

“இல்லம்மா.”

“சாப்பிடாம வேலைக்கு வரலாமாய்யா?”

பின்னாலிருந்த பஸ் ஸ்டாப் வாசல் பக்கம் ஓடியது. எங்கோ செருப்புச் சத்தம் கேட்டது. பழைய மன்றத்தார் முன்னால் தட்டுப்பட்டார்கள். தாடி வளர்ந்திருந்தது. “இது எந்தத் தெரு?” என்று கேட்டார்கள். நம்ம தெருதான் என்றேன். தேர்தல் முடிந்துவிட்டதா என்று கேட்டார்கள். முடிந்து நான் ஜெயித்துவிட்டேன் என்றேன். சந்தோஷம் என்று சொல்லி என் பின்னால் வந்தார்கள்.

மேசைமேல் இருந்த வயர்லெஸ் கரகரத்தது.

“யார் அது, வராந்தாவச் சுருக்குறது?”

அது இன்ஸ்பெக்டரின் குரல். நான் வயர்லெஸ்ஸைக் கையில் எடுத்தேன்.

“பேச்சியம்மா. ஓட்டு வாங்கி வந்தவ.”

“யார்கிட்ட கேட்டுக்கிட்டுச் சுருக்குற?”

“தெருவுல கேட்டாச்சுய்யா. நீ பதறாத. வேர்த்துருக்கும், ஃபேனப் போட்டுக்கிட்டு உக்காருய்யா.”

வயர்லெஸ்ஸுக்குள்ளே ஃபேன் சுற்றும் சத்தம் கேட்டது. வராந்தா வாசற்படி அளவுக்கு வந்து நின்றது. பச்சைக் கதவு என் மூக்குக்கு நேரே இருந்தது. வாசலில் நின்றிருந்த இசக்கி ஒரே எட்டில் என் பக்கத்துக்கு வந்துவிட்டாள். ஏட்டு பக்கவாட்டில் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பக்கம் யாரோ கோலம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

தாழ்ப்பாளை நீக்கினேன். அது சாதாரணத் தாழ்ப்பாள்தான். பிள்ளைகள் கூடத் திறக்கலாம்.

உள்ளே சின்ன அறை. சுடலைமுத்து சுவரோரம் உட்கார்ந்திருந்தான். எட்டித் தொடுகிற தூரம். இரண்டு நிழல்களையும் மடித்துப் பக்கத்தில் வைத்திருந்தான். வெளிச்சம் கண்ணில் பட்டதும் தலையைக் கைகளால் மறைத்துக்கொண்டான். நாங்கள் யார் என்று அவனுக்குத் தெரியவில்லை.

“அய்யா, நான் ஒண்ணும் பண்ணலைய்யா” என்றான். “அய்யா, அய்யா.”

அறை நீண்டது. இசக்கி நீட்டிய கைக்கும் அவனுக்கும் நடுவே ஒரு தெரு, பிறகு ஓர் ஊர் வந்து விழுந்தது. கடைசியில் அவன் ஒரு கடுகு அளவுக்குத் தெரிந்தான். பழைய மன்றத்தார் பெருமூச்சு விட்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

எனக்கு அழுகை வந்தது. அழுதேன். பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அறைக்குள் காலை வைத்தேன். தரை கெட்டியாக இருந்தது. என் பதவிக்காலம் இன்னும் நிறைய இருக்கிறது. இசக்கி எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தாள்.

“எய்யா சுடல,” என்று கத்தினேன், “நாங்கதான்யா. எந்திச்சு வா.”

வெகுதூரத்தில் அந்தக் கடுகு சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தது.