எல்லோருக்கும் ஒரு முத்தம்

யனாரா வந்த முதல் நாளே எல்லோருக்கும் முத்தம் கொடுத்தாள். நோல்ஃபாவின் வலது கன்னத்தில் ஒன்று, பக்கத்து வீட்டு க்ளோரிந்தாவுக்கு ஒன்று, சிலிண்டரைத் தட்டிக்கொண்டு தெருவில் வந்த கேஸ்காரனுக்கும் ஒன்று. வயது ஐந்து. கையில் ஒரு பிளாஸ்டிக் பை. நீதிமன்றம் தாயிடமிருந்து பிரித்த பிறகு இரண்டு வீடுகள் மாறி, மூன்றாவதாகத் தல்காவானோ துறைமுகத்து மேட்டிலிருந்த இந்த வீட்டுக்கு வந்திருந்தாள்.

"இவ்வளவு தங்கமான பிள்ளைய எங்கடி புடிச்ச?" என்றாள் க்ளோரிந்தா.

"என் கைக்கு வர்றதெல்லாம் இப்படித்தான்."

பதினோரு வருடத்தில் நீதிமன்றம் ஒப்படைத்த ஆறு பிள்ளைகளைக் கொஞ்ச காலம் வைத்துப் பார்த்துத் திருப்பி அனுப்பியவள் நோல்ஃபா. அவளுக்கென்று பிள்ளை கிடையாது. அவள் வீட்டுப் பிள்ளைகள் அடங்கி இருப்பார்கள் என்று குழந்தைகள் நல அலுவலகத்தில் ஒரு பெயர் இருந்தது. அதைத் தவிர அவளிடம் பெருமைப்பட ஒன்றும் இல்லை.

எட்டு மாதம் யனாரா அழவே இல்லை. முழங்கால் கிழிந்தபோதும் தானே குழாயில் கழுவிக்கொண்டு வந்தாள். மாலை டீக்கு ரொட்டி வைத்தால் "நன்றி அத்தை" என்பாள். அரசுப் பராமரிப்பில் இருக்கும் பிள்ளைகளுக்கு எல்லாப் பெண்களும் அத்தைதான். மீன் கடைக்காரி கையை நீட்டினாலும் அவளோடு போய்விடுவாள். எவ்வளவு பழகுகிற குணம் என்று தெருவே மெச்சியது.

ஒன்பதாம் மாதம் நோல்ஃபாவுக்குப் பித்தப்பைக் கல். சொன்னால் குழந்தை பயந்துகொள்ளும் என்று, யனாரா டிவி பார்த்துக்கொண்டிருந்தபோது க்ளோரிந்தாவிடம் மட்டும் சொல்லிவிட்டுப் பின்வாசல் வழியாகப் போய் பஸ் ஏறினாள். ஆஸ்பத்திரியில் நான்கு நாள். அந்த நான்கு நாளும் க்ளோரிந்தா வீட்டில் யனாரா தங்கமாகவே இருந்தாள்.

நோல்ஃபா திரும்பி வந்து குனிந்து கன்னத்தைக் காட்டினாள். யனாரா முத்தம் கொடுக்கவில்லை. அவள் கையைப் பிடித்து ரத்தம் வரக் கடித்தாள்.

அன்றிலிருந்து வீடு வீடாக இல்லை. படுக்கையில் மூத்திரம். ரொட்டி சுவரில். நோல்ஃபா குளிக்கப் போனால் கதவை உதைத்துக் கத்துவாள். கடைக்குக் கிளம்பினால் பாவாடையைப் பிடித்துத் தொங்குவாள். திரும்பி வந்தாலோ காலில் உதைப்பாள். 'அத்தை' போய் 'ஏய்' வந்தது. மற்றவர்களுக்கெல்லாம் முத்தம் வழக்கம்போலக் கிடைத்தது.

அலுவலகத்திலிருந்து உளவியலாளர் இக்னாசியா வந்தாள். சின்னப் பெண். விஷயத்தைக் கேட்டவள் முகம் மலர்ந்தாள்.

"நோல்ஃபா அக்கா, இது நல்ல செய்தி."

"தையல் போட்ட வயித்துல உதைக்குது. உனக்கு நல்ல செய்தியா?"

"இவ்வளவு நாள் அவளுக்கு யாரு இருந்தாலும் ஒண்ணுதான், போனாலும் ஒண்ணுதான். இப்ப நீங்க போயிடுவீங்களோன்னு பயப்படறா. சொல்லாம போனீங்கள்ல, அந்தக் கோபத்த உங்ககிட்டதான் காட்டுவா. வேற யாருகிட்ட காட்டுவா?"

"அப்ப க்ளோரிந்தாவுக்கு மட்டும் முத்தமா?"

"க்ளோரிந்தா அவளுக்கு யாரும் இல்லையே அக்கா."

நோல்ஃபா கட்டுப்போட்ட கையைப் பார்த்தாள். "என் வீட்டுப் பிள்ளைங்க இப்படி இருந்ததில்ல. கெட்டுப்போச்சு. கூட்டிட்டுப் போ."

"ஆறு வாரம் குடுங்க. எங்க போனாலும் சொல்லிட்டுப் போங்க, சொன்ன நேரத்துக்கு வாங்க. அது போதும். இந்த வீடும் போனா அடுத்தது விடுதிதான். அங்க நாப்பது பிள்ளைங்க." இக்னாசியா குரலைத் தாழ்த்தினாள். "அதுக்கப்புறம் இவ யாரையும் கடிக்கமாட்டா. அதான் எனக்குப் பயம்."

"படிச்சவ, நல்லாப் பேசற. மூத்திர விரிப்ப நான்தானே அலசறேன்."

பிள்ளையைத் திருப்பி அனுப்பும் தாளில் நோல்ஃபா கையெழுத்துப் போட்டாள்.

இரண்டு வாரம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை அலுவலகத்துக் கார் வந்தது. இந்த முறை யனாராவிடம் சொல்லியிருந்தார்கள். நோல்ஃபா வாசலில் தயாராக நின்றாள். கத்தும், காலைக் கட்டிக்கொள்ளும், தெருவே பார்க்கும் என்று முந்தின நாளிலிருந்தே எதிர்பார்த்திருந்தாள். கட்டிக்கொண்டு ஒரு வார்த்தை சொன்னால் என்ன செய்வது என்றும் யோசித்து வைத்திருந்தாள். பையை வாங்கி மறுபடி உள்ளே வைத்துவிடலாம்.

யனாரா தலை வாரி, பிளாஸ்டிக் பையோடு வந்தாள். க்ளோரிந்தாவுக்கு ஒரு முத்தம். டிரைவருக்கு ஒரு முத்தம். பிறகு நோல்ஃபாவை அண்ணாந்து பார்த்தாள். நோல்ஃபா குனிந்தாள். வலது கன்னத்தில் சுருக்கமாக ஒன்று.

"நன்றி அத்தை."

டிரைவர் கையை நீட்டுமுன்பே அவளாகப் பிடித்துக்கொண்டாள். காரில் ஏறி அவன் பெயரைக் கேட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"ஒரு சொட்டுக் கண்ணீர் வந்துச்சா பாரு," என்றாள் க்ளோரிந்தா. "கல்லு."

நோல்ஃபா சட்டைக் கையை மேலே ஏற்றினாள். கடித்த தழும்பைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். ஆறிவிட்டிருந்தது.

திங்கட்கிழமை அலுவலகத்துக்கு ஃபோன் செய்தாள்.

"இடம் காலியா இருக்கு," என்றாள். "முன்னாடி மாதிரி, முத்தம் குடுக்கிற பிள்ளையா பாத்து அனுப்புங்க."