மேட்டில் நின்ற கார்

“இப்ப விடுங்க,” என்றாள் காருக்கு அடியில் மல்லாந்து கிடந்த தையல்காரி. மேலே ஓட்டுநர் இருக்கையில் இருந்த கணவர் கைப்பிரேக்கை இறக்கினார். அவள் விரலுக்கடியில் புதுக் கேபிள் தளர்ந்தது.

“எத்தனை டிக்ல பிடிச்சுது?” என்று கீழிருந்து கேட்டாள்.

“எட்டு டிக். இது பிரேக் இல்ல, கடிகாரம்.”

சிரித்தால் வாயில் கிரீஸ் விழும் என்று அடக்கிக்கொண்டாள். காலையில் பார்சல் வந்ததிலிருந்தே இருவருக்கும் கால் தரையில் பாவவில்லை. பதினொரு மாதம் காத்திருந்து வந்த கேபிள். பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற கையோடு, பழைய இரும்புக் கடையிலிருந்து அடிமாட்டு விலைக்கு அவர் வாங்கி வந்த ஸ்போர்ட்ஸ் கார் அது. இரண்டே இருக்கை. எஞ்சின் பாடும், பெயின்ட் மின்னும், கைப்பிரேக் மட்டும் பேருக்குத்தான். வீட்டு வாசலோ சரிவு. நிறுத்தும்போதெல்லாம் அவள் குதித்திறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைக்க வேண்டும். ஒருநாள் அவள் கல்லோடு வருவதற்குள் கார் தானாக இறங்கிப் போய் எதிர்வீட்டு வாத்தியாரின் கேட்டை முட்டிவிட்டது. “இந்த வண்டி கல் இல்லாம மேட்டுல நின்னா என் மீசையை எடுத்துடறேன்” என்று வாத்தியார் தெருவே கேட்கச் சொன்னார். முப்பது வருஷமாக எண்ணெய் தடவி வளர்த்த மீசை. அதற்காகவே இந்தக் கேபிள் என்று சொன்னாலும் தப்பில்லை.

கணவருக்கு இதயம் பலவீனம். குனியக்கூடாது, பளு தூக்கக்கூடாது. அதனால் இந்த வேலையில் வாய் அவருடையது, கை இவளுடையது. ஊசியில் நூல் கோத்த விரல்களுக்குக் கேபிள் முனையில் சின்னப் பின்னைக் கோப்பது பெரிய காரியமில்லை. முன்சக்கரங்களுக்குக் கல் கொடுத்து, பின்சக்கரங்களை ஸ்டாண்டில் தூக்கி நிறுத்தி, பிரேக் டிரம்முக்குள் ஷூவைச் சரிசெய்து, இப்போது கேபிளுக்கு வந்திருந்தாள். லீவரை இழுக்கும்போது டிக் டிக்கென்று கேட்குமே, அதில் ஐந்தாவது டிக்கில் சக்கரம் இறுகினால் வேலை சுத்தம்.

நட்டைத் திருப்பினாள். ஏழு. இன்னும் கொஞ்சம். ஆறு. அவர் ஏலம் விடுபவர்போல் ஒவ்வொன்றையும் கூவினார். நாளைக் காலை வாத்தியாரை வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைப்பாராம், சவரக்கத்தியும் தானே வாங்கித் தருவாராம்.

“முதல்ல ஒழுங்கா இழுங்க.”

இழுத்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து. கேபிள் விறைத்தது. அவள் ஒரு சக்கரத்தைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். அசையவில்லை. மற்றதையும் பார்த்தாள். அதுவும் கல்லாக நின்றது.

“பிடிச்சிருச்சுங்க. அஞ்சுல பிடிச்சிருச்சு.”

பதில் இல்லை. சந்தோஷத்தில் மனுஷனுக்கு வாயடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு பூட்டு நட்டையும் இறுக்கினாள்.

“சரி, விடுங்க.”

கேபிள் தளரவில்லை.

“விளையாடாதீங்க, விடுங்க.”

கேபிள் மேல் விரலை வைத்தபடியே காத்திருந்தாள். அது அப்படியே இருந்தது. அதற்குப் பிறகுதான் வெளியே ஊர்ந்து வந்தாள். அவர் தலை இருக்கையில் சாய்ந்திருந்தது. கை மட்டும் லீவரை விடவில்லை.

டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போனார். கணவரைக் கூடத்தில் கிடத்தினார்கள். மத்தியானம் வந்து சேர்ந்த மகன், மறுநாள் அமரர் ஊர்தி வாசல்வரை வர வேண்டும் என்று காரை நகர்த்தப் போனான். ஸ்டாண்டிலிருந்து இறக்கி, முன்சக்கரத்துக் கற்களை எடுத்தான். எல்லோரும் வழக்கம்போல் விலகி நின்றார்கள். கார் நின்றது. வாத்தியாரும் பக்கத்து வீட்டுக்காரரும் மகனோடு சேர்ந்து தள்ளினார்கள்.

“கியர் நியூட்ரல்லதான் இருக்கு,” என்றான் மகன்.

“அசைய மாட்டேங்குதே,” என்றார் வாத்தியார், மூச்சு வாங்க.

கைப்பிரேக்கை யாரும் பார்க்கவில்லை. அந்தக் காருக்கு அப்படி ஒன்று இருப்பதாகவே தெருவில் யாருக்கும் நினைப்பில்லை.

நிலைப்படியில் நின்றிருந்த தையல்காரிக்கு நெஞ்சில் ஏதோ துள்ளியது. சந்தோஷம்தான். அதை மறைக்க அவளுக்குத் தோன்றவில்லை.

“இன்னொரு தடவை தள்ளுங்க,” என்றாள்.

தள்ளினார்கள். அசையவில்லை. பழக்கத்தில் கணவரிடம் சொல்லத்தான் உள்ளே திரும்பினாள். பிறகு மெல்ல இறங்கி வந்து, கதவு வழியாகக் கையை விட்டாள். அவர் இழுத்ததை அவளே விட வேண்டியிருந்தது. அவள் லீவரை இறக்குவதைப் பார்த்ததும் வாத்தியாரின் முகம் மாறியது. அவர் காரைப் பிடித்து ஓரமாக ஒதுக்கினார்.

மறுநாள் காலை, அவரைக் கொண்டுபோவதற்கு முன்னால் வாத்தியார் வந்தார். மகனுக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. மூக்குக்குக் கீழே வெளுத்த தோல், அதில் சின்னதாக ஒரு கத்திக் கீறல். தையல்காரியின் முன்னால் வந்து தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“என்கிட்ட ஏன் காட்டுறீங்க வாத்தியாரே,” என்றாள். “உள்ள போய் அவர்கிட்ட காட்டுங்க.”

வாத்தியார் உள்ளே போனார். தலைமாட்டில் மண்டியிட்டு, முகத்துக்கு நேராக முகத்தைக் கொண்டுபோய், அப்படியே இருந்தார்.